கூட வேலை பார்க்கும் மயக்க டாக்டர் மருந்தில் சிக்கிவிட்டார் என்று தோன்றினால்

ரெக்கவரி ரூமில் ஒரு அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பித்தப்பை எடுத்த கேஸ். நாடித்துடிப்பு 128. சார்ட்டைப் பார்த்தால் ஃபென்டனில் (ஓப்பியாய்டு, அதாவது அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலிமருந்து) 200 மைக்ரோகிராம் போட்டதாக எழுதியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, கடைசி டோஸ் போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு மருந்து உள்ளே போனவர் இப்படித் துடிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான் புதிதாக ஒரு ஆம்பியூல் உடைத்துப் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மாவின் முகம் தளர்ந்தது. ஒரே ஜூனியர் பார்த்த கேஸ்களில் அந்த மாதம் அது மூன்றாவது முறை. நோயாளிக்கு என்று எழுதிய மருந்தை அவன் தனக்கே போட்டுக்கொள்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்க ஐந்து வாரம் ஆனது. "பையன் நல்லா படிக்கிறவனாச்சே, நாமே தப்பா நினைக்கிறோமோ" என்று தள்ளிப்போட்டேன். அந்த ஐந்து வாரத்தில் எந்த ராத்திரியிலும் அவன் செத்துப்போயிருக்கலாம். இதை வாசிக்கிற மயக்க மருத்துவர், மேல்படிப்பு படிக்கும் பிஜி, தியேட்டர் நர்ஸ், டெக்னீஷியன், வீட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவி யாரும் அந்த ஐந்து வாரத்தை வீணாக்கக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலையில் மட்டும் இது ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று கேட்டால், மற்ற துறையில் டாக்டர் எழுதுவார், பார்மசி கொடுக்கும், நர்ஸ் போடுவார், மூன்று கண் பார்க்கும். நம் தலைமாட்டில் எழுதுகிறவர், எடுக்கிறவர், போடுகிறவர், கணக்கு வைக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். இது இன்று நேற்று வந்ததும் கிடையாது. 1844-இல் நைட்ரஸ் ஆக்சைடைத் தானே உள்ளிழுத்துத் தன் பல்லையே பிடுங்கவைத்துப் பார்த்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், பிறகு குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துச் சோதித்து மனம் பேதலித்து, 1848-இல் நியூயார்க் சிறையில் உயிரை விட்டார். நம் தொழிலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரின் கதையே அப்படி.

எண்ணிக்கை வேண்டுமென்றால், 1975 முதல் 2009 வரை அமெரிக்காவில் மயக்கவியல் படித்த 44,612 பேரை வைத்து ஒரு ஆய்வு 2013-இல் வந்தது. படிக்கும்போதே 384 பேர் ஏதோ ஒரு போதையில் சிக்கியிருந்தார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட வரவில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 384 பேரில் 28 பேர் படிப்பை முடிக்காமலே, அந்த மருந்தாலேயே இறந்துபோனார்கள். அதாவது சிக்கிய பதினான்கு பேரில் ஒருவர். எந்த வார்டில் இந்தக் கணக்கு வந்தாலும் நாம் ஓடியிருப்போம்.

எதைக் கவனிப்பது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குடிக்கு அடிமையானவர் வெளியே தெரிய பத்து இருபது வருஷம்கூட ஆகலாம். ஃபென்டனில் அப்படிக் காத்திருக்காது, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஆள் மாட்டிக்கொள்வார் அல்லது இறந்துகிடப்பார். இன்னொன்று, வீடு முதலில் உடையும், நட்பு அடுத்து போகும், வேலை கடைசியில்தான் கெடும், ஏனென்றால் மருந்து கிடைக்கிற இடம் அதுதான், அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார். அதனால் "வேலையெல்லாம் சரியாத்தானே பாக்குறார்" என்பதை ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சொல்லப்போனால் வேலையில் அளவுக்கு மீறிய ஆர்வம்தான் பல நேரம் முதல் அடையாளம். யாரும் எடுக்காத நைட் டியூட்டியைக் கேட்டு வாங்குவார், நீளமான பெரிய கேஸ்களை விரும்பிப் போடுவார், டீ குடிக்கப் போங்கள் என்று நாம் மாற்றிவிடப் போனால் நகரமாட்டார், ஆனால் மற்றவர்களை மாற்றிவிட ஓடி வருவார். டியூட்டி இல்லாத நாளில் தியேட்டர் பக்கம் நிற்பார். கேஸ் நடுவே அடிக்கடி பாத்ரூம் போய் நேரம் கழித்து வருவார். மீதி மருந்தைக் கொட்டும்போது சாட்சி நிற்க வேண்டியவரை "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். அவர் சார்ட்டில் மட்டும் அதே ஆபரேஷனுக்கு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு மருந்து இருக்கும், அவருடைய நோயாளிகள் மட்டும் வலியோடு வெளியே வருவார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. அதை முதலில் பார்ப்பவர் ரெக்கவரி நர்ஸ்தான், அவர் சொன்னால் காது கொடுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்: இளைப்பது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்பாவை, லீவு நாளில் மட்டும் வருகிற வியர்வையும் மூக்கொழுகலும் வயிற்றுப்போக்கும், திடீர் கோபம், அப்புறம் குழைவு, பாத்ரூம் குப்பைக் கூடையில் ஒரு ஊசி மூடி.

ஒன்றை மட்டும் வைத்து யாரையும் முத்திரை குத்திவிடாதீர்கள். நைட் முடித்த எந்த பிஜியும் எரிந்துதான் விழுவான், ஏசி தியேட்டரில் முழுக்கை போடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்று நான்கு சேர்ந்து, திரும்பத் திரும்ப வந்தால் அப்போது நகருங்கள்.

பேசுவதற்கு முன்னால்

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம். சந்தேகம் வந்ததும் அவரைக் காரிடாரில் ஓரமாக இழுத்து "டேய், உண்மையச் சொல்லு, ஏதாவது எடுக்கிறியா?" என்று கேட்பது. பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் அவர் கண்டிப்பாக இல்லை என்பார், நீங்கள் சமாதானமாகிவிடுவீர்கள், அவர் அன்றைக்கே பயந்துபோய் இன்னும் ஆழமாக மறைப்பார், அல்லது அதைவிட மோசமான ஒன்றைச் செய்துகொள்வார். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

துறைத் தலைவரிடமோ, அவரிடம் போக முடியாத நிலை என்றால் மருத்துவக் கண்காணிப்பாளரிடமோ, நீங்கள் பார்த்ததைத் தேதி, நேரம், கேஸ் என்று எழுதிக்கொண்டு போங்கள். "எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு" என்று போனால் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். துறைத் தலைவர் செய்ய வேண்டியது, கடந்த மூன்று மாத நார்கோடிக் ரிஜிஸ்டரையும் (இந்த வகை மருந்துகளின் கணக்கேடு) சார்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேஸ் வாரியாகப் பார்க்காமல் ஆள் வாரியாகக் கூட்டிப் பார்ப்பது. எங்கள் இடத்தில் ஒரு சாயங்காலம்தான் ஆனது, கூட்டிப் பார்த்ததும் ஒரே ஒரு பெயர் தனியாக எழுந்து நின்றது. விஷயம் மூன்று நான்கு பேரைத் தாண்டிப் போகக் கூடாது. கேன்டீனுக்கு வந்துவிட்டால் அடுத்த அரைமணியில் அவர் காதுக்குப் போய்விடும். இதையெல்லாம் நாட்கணக்கில் முடியுங்கள், வாரக்கணக்கில் இழுக்காதீர்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கிற சாதாரண ஓப்பியேட் கிட், மார்ஃபின், கோடீன் வகையைக் கண்டுபிடிக்கிற மாதிரி செய்தது. ஃபென்டனில் அதில் விழாது, ஆளைத் தூங்கவைக்கிற மயக்க மருந்தான புரோபோஃபாலும் விழாது, அவற்றுக்குத் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். கிட்டில் நெகட்டிவ் வந்தது என்று ஒருவரை நிரபராதி ஆக்கித் திரும்பத் தியேட்டருக்குள் அனுப்புவது அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்புவது மாதிரி. முடியில் பழைய தடயம் இருக்கும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால் மூன்று சென்டிமீட்டர் முடியில் மூன்று மாதக் கதை கிடைக்கும். நம்மூரில் அதைச் செய்கிற லேப் தேட வேண்டியிருக்கும், ஆனாலும் முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

பேசுகிற நாள்

படுக்கையும் மனநல மருத்துவரும் தயாரான பிறகுதான் கூப்பிட வேண்டும். பேசிவிட்டு "நாளைக்கு யாரையாவது பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதுதான் இந்த முழு வேலையிலும் மிக ஆபத்தான தவறு. மாட்டிக்கொண்டோம், மானம் போச்சு, படிப்பு போச்சு, அப்பா அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்கிற அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பது மனப்பாடம், அது கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கிறது. அதனால் அந்த நிமிஷத்திலிருந்து, மருத்துவமனையில் சேர்க்கும்வரை, ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். பாத்ரூம் போனால் கதவு வரை. லாக்கரைத் திறக்கும்போது பக்கத்தில். ஹாஸ்டலுக்குத் துணி எடுக்கப் போனால் வண்டியில் கூட. அவமானமாக இருக்குமே என்று தயங்கவே வேண்டாம்.

நேரம் காலையாக இருக்கட்டும், அவர் அன்றைய கேஸுக்குள் நுழைவதற்கு முன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம், சனி ஞாயிறு யாரும் கிடைக்கமாட்டார்கள். அறையில் மூன்று அல்லது நான்கு பேர் போதும்: துறைத் தலைவர், சிக்கியவர் மதிக்கிற ஒரு சீனியர், மனநல மருத்துவர், முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவர். விசாரணைக் கமிஷன் மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்காராதீர்கள்.

நாங்கள் பேசியது ஏறக்குறைய இப்படித்தான்: "தம்பி, கோபத்துல கூப்பிடல. இந்த ஏழு சார்ட்டும் நீ எழுதினது, இந்த ஏழு பேரும் வலியோட வெளிய வந்தவங்க. எங்களுக்கு உன் உயிர்தான் முதல்ல. இன்னிக்கு உன்னைக் கேஸ்ல போடப்போறதில்ல, இப்பவே டாக்டர்கிட்ட போறோம், நான் கூட வரேன்." அவன் முதலில் இல்லவே இல்லை என்றான், அப்புறம் முதுகுவலிக்கு ஒரு தடவை என்றான், அப்புறம் பேச்சே வரவில்லை. நாமெல்லாம் டியூப் ஒட்டுவதற்காகத் தியேட்டர் பேன்ட்டின் தொடையில் மைக்ரோபோர் பிளாஸ்திரித் துண்டுகளை ஒட்டி வைத்துக்கொள்வோம் இல்லையா, அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்து உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தான். எல்லாத் துண்டும் தீர்ந்த பிறகு, "சார், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றான்.

வாதாடாதீர்கள். ஒப்புக்கொள்ள வைப்பது உங்கள் வேலை இல்லை, மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. "ராஜினாமா பண்ணிடறேன்" என்றால் அன்றைக்கு வாங்காதீர்கள், அந்தக் கடிதத்தோடு அவர் கேட்டைத் தாண்டினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது, பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் அடுத்த வாரம் மயக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் முன்பே யாராவது பாத்ரூமிலோ டியூட்டி ரூமிலோ பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வது என்று மயக்க டாக்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நர்ஸுக்கும் வார்டு உதவியாளருக்கும் சொல்லிவையுங்கள்: கதவு உள்ளே பூட்டியிருந்து பதில் இல்லை என்றால் சாவி தேடிக்கொண்டு நிற்காமல் உடைக்க வேண்டும், குரல் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டும், முதலில் மூச்சு, பிறகு ஓப்பியாய்டை முறிக்கிற நலோக்சோன். புரோபோஃபாலுக்கு நலோக்சோன் வேலை செய்யாது, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்தான் கதி.

போலீஸ், சட்டம்

வாய் திறக்காமல் இருப்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், "பையன் ஜெயிலுக்குப் போயிடுவானே". 1985-ஆம் வருஷ என்.டி.பி.எஸ். (போதைப்பொருள்) சட்டத்தில் 27-ஆம் பிரிவு, மருந்தை உட்கொள்வதையே குற்றம் என்கிறது, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடிமைப்பட்ட ஒருவர் தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், 27-ஆம் பிரிவுக் குற்றத்துக்காகவோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். மருந்தை வெளியே விற்றவருக்கு இது குடை பிடிக்காது. மருத்துவமனை ஸ்டாக்கிலிருந்து எடுத்த கணக்கும் சேர்ந்து வருவதால் ஒரு வக்கீலை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. "தானாக முன்வந்து" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள், சீக்கிரம் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையும் அதிலேயே இருக்கிறது. யாராவது சேர்க்கைச் சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டால் அதைச் சொல்லியே தடுக்கலாம்.

ஆனால் ரகசியம் என்ற பெயரில் நோயாளிகளை மறந்துவிடக் கூடாது. ஸ்பெயினில் வலென்சியாவில் ஹுவான் மாயேசோ என்ற மயக்க மருத்துவர், நோயாளிக்கான ஓப்பியாய்டைத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசியால் 275 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி பரப்பினார் என்று 2007-இல் 1,933 வருஷச் சிறைத்தண்டனை விதித்தார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் ஒரு மயக்க மருத்துவர் அதே வழியில் 55 பெண்களுக்குப் பரப்பி 2013-இல் தண்டிக்கப்பட்டார். அதனால் சிகிச்சைக்குச் சேர்ந்ததும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம், ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றால் அவர் பார்த்த நோயாளிகளைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை.

சிகிச்சை, அப்புறம் வேலை

பத்து நாள் ஊசி நிறுத்தி உடம்பைத் தேற்றிவிட்டால் முடிந்தது என்று வீட்டார் நினைப்பார்கள். அது வாசற்படி மட்டும்தான். பெங்களூரு நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது, காஸியாபாத்தில் எய்ம்ஸின் மையம் இருக்கிறது, சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. சொந்த ஊரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கூசுகிறவர்களை நான் வெளியூருக்கே அனுப்பச் சொல்வேன்.

அமெரிக்காவில் மருத்துவர்களுக்கென்றே மாநிலத் திட்டங்கள் இருக்கின்றன, ஐந்து வருஷம் திடீர் திடீரென்று பரிசோதனை, குழுக் கூட்டம், கூடவே ஒரு கண்காணிப்பாளர். 16 திட்டங்களில் சேர்ந்த 904 டாக்டர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், முடிவு தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஐந்து வருஷம் கழித்து உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். அந்த அளவுக்கு ஊன்றிய ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆகவே துறையும் வீடும் மனநல மருத்துவரும் சேர்ந்து ஒரு எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதே ஐந்து வருஷத்தை நாமே நடத்த வேண்டும்.

திரும்பவும் மயக்கம் கொடுக்க விடலாமா? இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 1990-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஊசி வழி ஓப்பியாய்டில் சிக்கி மீண்டு அதே படிப்புக்குத் திரும்பிய 79 பிஜிக்களில் 27 பேர்தான் தாக்குப்பிடித்தார்கள். 13 பேர் மறுபடி தொட்டார்கள் என்பதே அவர்கள் பிணத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிறுத்தியிருந்த மாதங்களில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும், பழைய டோஸே ஆளைக் கொன்றுவிடும். பிஜி என்றால் வேறு துறைக்கு மாறச் சொல்லுங்கள், மூன்று வருஷம் போனால் போகட்டும். பல வருஷம் அனுபவம் உள்ளவர், கூடவே மனச்சோர்வு மாதிரி வேறு நோய் இல்லாதவர், குடும்பத்தில் இந்தப் பழக்கம் இல்லாதவர் என்றால் வரலாம், ஆனால் குறைந்தது ஒரு வருஷம் தியேட்டரை விட்டுத் தள்ளி இருந்த பிறகு. அமெரிக்க மயக்கவியல் நர்ஸுகளின் சங்கமும் அந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்கிறது. திரும்பி வந்த பிறகும், ஓப்பியாய்டு வேலை செய்யாமல் தடுக்கிற நால்ட்ரெக்சோன் மாத்திரை ஒருவர் கண்முன்னால் விழுங்கவேண்டும், கொஞ்ச காலத்துக்கு நைட் டியூட்டி கிடையாது, மருந்து அலமாரிச் சாவி கையில் கிடையாது.

ஸ்டாக்கைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. மீதி மருந்தை இருவர் பார்க்கக் கொட்டுங்கள், நிரப்பிய சிரிஞ்சை டிராலியில் அனாதையாக விட்டுப் போகாதீர்கள், மாதம் ஒருமுறை ஆள் வாரியாகக் கூட்டுங்கள். புரோபோஃபாலை நாம் தண்ணீர் பாட்டில் மாதிரி வைத்திருக்கிறோம். தென்கொரியா 2011-லேயே அதைக் கட்டுப்படுத்திய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சட்டம் வரட்டும் என்று நிற்காமல் உங்கள் தியேட்டரில் இன்றைக்கே எண்ணிக் கொடுக்க ஆரம்பிக்கலாம்.

இதை வாசிக்கிற நீங்களே அந்த ஆள் என்றால்

தியேட்டரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ரெக்கவரி நர்ஸுக்கு அநேகமாகத் தெரியும். நாளையிலிருந்து நானே குறைத்துக்கொள்கிறேன் என்று எத்தனை நாளைகள் போயின என்று உங்களுக்கே தெரியும். மருந்து பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்புதான் இதில் நம்மை ஏமாற்றுகிறது.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. அண்ணனோ, பழைய ரூம்மேட்டோ, யாராவது. பெயர் சொல்லாமல் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி-மானஸ் எண் 14416, போதைக்கென்றே உள்ள எண் 14446. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்திருந்தால் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், கையில் இருப்பதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை லிஸ்ட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? இப்போதே போன் போட்டு, உடம்பு சரியில்லை, வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.